பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஓவிய, டிசைன் அடிப்படைகள் பற்றிக் கேள்வி பதில்

இருபரிமாண ஓவியம், டிசைன் இரண்டின் அடிப்படைகளையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தாளில் எந்தக் கோடும் தன்னளவில் நீளமானதோ குட்டையானதோ இல்லை. எந்த நிறமும் தன்னளவில் அடர்த்தியானதோ வெளிறியதோ இல்லை. பக்கத்தில் இருப்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தாலும் நான் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறேன்.

கேள்வி: வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு வரைந்ததே இல்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது, என்னென்ன வாங்குவது சார்?

வயது ஒரு தடையே இல்லை. எழுதத் தெரிந்த கைக்கு வரைவதற்கு வேண்டிய கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பழக வேண்டியது கண்தான்.

ஹெச்பி, 2பி, 6பி என்று மூன்று பென்சில், பிசைந்து உருட்டக்கூடிய ரப்பர், சாதாரணத் தாள் ஒரு கட்டு. இவ்வளவு போதும். பென்சிலுக்குள் இருக்கும் குச்சி, கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுட்டது. பிரான்சில் கோன்டே என்பவர் 1795இல் காப்புரிமை பெற்ற முறை அது, இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். களிமண் கூடினால் ஹெச் பக்கம் போகும். கெட்டியாகவும் வெளிறியும் எழுதும். கிராஃபைட் கூடினால் பி பக்கம். மெத்தென்றும் கருப்பாகவும் எழுதும். அதனால் ஹெச்பியை அழுத்தி அழுத்திக் கருப்பு வரவைக்கப் பார்க்காதீர்கள். தாள் குழிந்து பளபளக்குமே தவிர, கருப்பு வராது. 6பியை எடுங்கள்.

விலை உயர்ந்த தாள் இப்போதைக்கு வேண்டாம். வீணாகிவிடுமோ என்ற பயம் வந்தால் கை சுருங்கிவிடும். வண்ணமும் இப்போது வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: நாற்காலி வரைந்தால் கால்கள் கோணலாகின்றன, அளவும் சரியாக வருவதில்லை. எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் இதே கதை.

நீங்கள் நாற்காலியைப் பார்ப்பதில்லை, உங்களுக்குத் தெரிந்த நாற்காலியை வரைகிறீர்கள். நான்கு கால்களும் ஒரே நீளம், இருக்கை சதுரம் என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் உருவத்தில் இரண்டுமே உண்மையில்லை.

இதிலிருந்து தப்பிக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி, நாற்காலியை விட்டுவிட்டு இடைவெளிகளை வரைவது. கால்களுக்கு நடுவே தெரியும் காலி இடம் என்ன வடிவத்தில் இருக்கிறது? மேலே அகன்று கீழே குறுகும் நாற்கரமா? முதுகுச் சட்டங்களுக்கு நடுவே தெரியும் துண்டு எத்தனை மூலை கொண்டது? அந்தக் காலி இடத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் மனம் குறுக்கிடாது, கண் நேரடியாக வேலை செய்யும். நெகட்டிவ் ஸ்பேஸ் என்று சொல்வது இதைத்தான். எல்லா இடைவெளிகளையும் சரியாக வரைந்து முடித்தால் நாற்காலி தானாகவே அங்கே நிற்கும்.

அளவுக்குப் பென்சிலை நீட்டிப் பாருங்கள். முழங்கையை மடக்காமல் கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியிலிருந்து கட்டைவிரல் வரை இருக்கையின் அகலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே அளவு முதுகின் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். முழங்கை மடங்கினால் கணக்கு மாறிவிடும். எத்தனை அங்குலம் என்பது தேவையே இல்லை, ஒன்றுக்கு ஒன்று என்ன விகிதம் என்பதுதான் வேண்டும்.

கேள்வி: கண்ணாடி டம்ளர் வரையும்போது ஏதோ தவறாகத் தெரிகிறது. எது என்று பிடிபடவில்லை.

பெரும்பாலும் அடிப்பாகம்தான். வாயை நீள்வட்டமாக வரைந்துவிட்டு, மேசையில் சமமாகத்தானே நிற்கிறது என்று அடியை நேர்கோடாக இழுத்துவிடுகிறோம். கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் டம்ளரில் வாய் கண்ணுக்கு நெருங்கிய மட்டத்தில் இருக்கிறது, அதனால் அதன் நீள்வட்டம் ஒல்லி. அடி இன்னும் கீழே இருக்கிறது, அதை நீங்கள் கூடுதலாக மேலிருந்து பார்க்கிறீர்கள். ஆகவே அதன் நீள்வட்டம் வாயைவிட உருண்டையாக இருக்க வேண்டும். டம்ளரைக் கையில் பிடித்து, வாய் ஒரே கோடாகத் தெரியும் வரை உயர்த்திப் பிறகு மெல்ல இறக்குங்கள். வட்டம் திறந்துகொண்டே வருவதைப் பார்ப்பீர்கள்.

இன்னொன்று, நீள்வட்டத்தின் இரண்டு ஓரங்களும் கூர்மையாக முடியக்கூடாது. எவ்வளவு ஒல்லியானாலும் அந்த முனை வளைவுதான்.

கேள்வி: கோடு நடுங்குகிறது. சின்னச் சின்னக் கீறலாகச் சேர்த்துத்தான் இழுக்க முடிகிறது.

மணிக்கட்டிலிருந்து இழுக்காமல் தோளிலிருந்து இழுங்கள். தொடங்கும் புள்ளி, முடியும் புள்ளி இரண்டையும் வைத்துவிட்டு, பென்சில் தாளில் படாமல் கையை ஓரிருமுறை ஓட்டிப் பார்த்து, பிறகு ஒரே வீச்சில் இழுங்கள். கண் முடியும் புள்ளியில் இருக்கட்டும், பென்சில் நுனியில் வேண்டாம். தவறினால் அழிக்காமல் பக்கத்திலேயே அடுத்த கோட்டைப் போடுங்கள். முதல் கோடு எவ்வளவு விலகியது என்பதை அதுவே காட்டும்.

கேள்வி: ஷேடிங் செய்தால் படம் அழுக்காகிவிடுகிறது. உருண்டை உருண்டையாகவே தெரியவில்லை. விரலால் தேய்க்கலாமா ஐயா?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தேய்ப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். தேய்த்தால் வெளிச்சமும் நிழலும் நடுவிலிருக்கும் சாம்பலை நோக்கி நகர்ந்துவிடும். எல்லாம் சாம்பலானால் உருண்டை தட்டையாகிவிடும், அழுக்கு என்று உங்களுக்குத் தெரிவது அதுதான்.

ஒரு வெள்ளைப் பந்தையோ முட்டையையோ ஒரே ஒரு விளக்கின் கீழ் வையுங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். இப்போது கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து இரண்டே பகுதிகள் மிஞ்சும்: வெளிச்சம் படும் குடும்பம், படாத குடும்பம். இரண்டுக்கும் நடுவே எல்லை போட்டு, நிழல் குடும்பம் முழுவதையும் ஒரே டோனில், அதாவது ஒரே அளவுக் கருமையில், நிரப்புங்கள். வேறு எதுவும் செய்வதற்கு முன்பே அது உருண்டையாகத் தெரியத் தொடங்கும்.

பிறகுதான் உள்ளே போக வேண்டும். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குத் திரும்பும் இடத்தை ஒட்டி ஒரு கரும்பட்டை இருக்கும். நிழலுக்குள்ளேயே, மேசையிலிருந்து எகிறி வரும் ஒளியால் அடிப்பக்கம் சற்று வெளிறித் தெரியும். பந்து மேசையில் விழவைக்கும் நிழல், பந்து தொடும் இடத்தில் மிகக் கருப்பாகவும் கூர்மையாகவும் இருக்கும். விலகிப் போகப் போக ஓரம் மெத்தென்றாகும்.

பலரையும் ஏமாற்றுவது அந்த எகிறி வரும் ஒளிதான். சுற்றிலும் கருப்பு இருப்பதால் அது உண்மையைவிட வெளிச்சமாகக் கண்ணுக்குப் படும். அப்படியே வரைந்தால் பந்து உலோகம் போலாகிவிடும். இப்படி ஒரு வெள்ளைப் பந்துக்கு இந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள்: நிழல் குடும்பத்தில் மிக வெளிறிய இடம்கூட, வெளிச்சக் குடும்பத்தின் மிக அடர்ந்த இடத்தைவிடக் கருப்பாகவே இருக்க வேண்டும்.

கண் எப்படி ஏமாறுகிறது என்பதைக் கையால் செய்து பார்த்துவிடுங்கள். ஒரே சாம்பல் தாளிலிருந்து இரண்டு சின்னச் சதுரங்கள் வெட்டி, ஒன்றை வெள்ளைத் தாளின் நடுவிலும் மற்றதைக் கருப்புத் தாளின் நடுவிலும் வையுங்கள். வெள்ளையில் இருப்பது அடர்த்தியாகவும், கருப்பில் இருப்பது வெளிறியும் தெரியும். ஒரே தாள்தான் என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் தெரியும். பிரான்சில் கோபலின் திரைச்சீலை ஆலையின் சாயப் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் செவ்ரல், கருப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, பல நேரங்களில் குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறங்களில் இருக்கிறது என்று கண்டார். 1839இல் அதை விரிவாக வெளியிட்டார். ஷேடிங்கில் ஓரிடம் சரியில்லை என்று தோன்றினால் நீங்களும் முதலில் அதன் பக்கத்து இடத்தைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: பர்ஸ்பெக்டிவ் என்றாலே பயம். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி எல்லாம் கற்க வேண்டுமா?

பர்ஸ்பெக்டிவ் என்பது தொலைவு கூடக் கூடப் பொருள்கள் சிறுத்துத் தெரிவதைத் தாளில் காட்டும் முறை. கண்மட்டக் கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி முடிந்தது. தொடுவானம் எப்போதும் உங்கள் கண் இருக்கும் உயரத்தில்தான் தெரியும். உட்கார்ந்தால் இறங்கும், மாடியேறினால் ஏறும். நீங்கள் நின்றபடி, சமதளத்தில் நிற்கும் கூட்டத்தை வரைகிறீர்கள் என்றால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்ணும் அந்தக் கோட்டில்தான் விழும். அருகில் இருப்பவரின் பாதம் தாளில் கீழே போகும், தொலைவில் இருப்பவரின் பாதம் மேலே ஏறும், கண்கள் மட்டும் ஒரே கோட்டில்.

இதன் வடிவியலை இத்தாலியின் ஃபிளாரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து காட்டினார். 1435இல் ஆல்பெர்ட்டி என்ற அறிஞர் எழுதி வைத்தார். புள்ளி என்பது, விலகிப் போகும் இணைகோடுகள் தாளில் போய்ச் சேரும் இடம். முதலில் நேரே நீளும் ஒரு வராந்தாவை ஒரு புள்ளியில் வரையுங்கள். பிறகு மூலையைக் காட்டி நிற்கும் பெட்டியை இரண்டு புள்ளியில். மூன்றாவது புள்ளி, உயரமான கட்டடத்தை அண்ணாந்தோ குனிந்தோ பார்க்கும்போது மட்டும்தான் வேண்டும்.

கேள்வி: காம்போசிஷனுக்கு ரூல் ஆஃப் தேர்ட்ஸ், கோல்டன் ரேஷியோ என்கிறார்கள். எதைப் பின்பற்றுவது?

ரூல் ஆஃப் தேர்ட்ஸ், அதாவது படத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூன்றாகப் பிரித்து முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைப்பது, ஒரு நல்ல ஊன்றுகோல். 1797இல் ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் நிலக்காட்சிகள் பற்றி எழுதும்போது கொடுத்த பெயர் அது. எதையும் நட்டநடுவில் வைக்கும் பழக்கத்தை அது உடைக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். கோல்டன் ரேஷியோ எனும் பொன்விகிதத்தை (சுமார் 1.618க்கு 1) வைத்துப் போடும் சுருளை எந்தப் படத்தின் மேல் போட்டாலும் எங்காவது பொருந்தும். பொருந்துவதால் அந்தப் படம் அப்படித் திட்டமிடப்பட்டது என்று ஆகாது. அதில் நேரம் செலவிட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அதற்குப் பதில் தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு, வெள்ளை, சாம்பல், கருப்பு என்று மூன்றே டோனில் ஒரே காட்சியைப் பலவிதமாக அடுக்கிப் பாருங்கள். அந்த அளவில் நிற்காத காம்போசிஷன் பெரிய தாளில் நிற்காது.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை அச்சுப்படத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள், 1831 வாக்கில் வந்தது. ஃபுஜி மலை அதில் மிகச் சின்னது, அலை அதைவிடப் பல மடங்கு பெரிது. ஆனாலும் கண் மலையிடம் போய்ச் சேர்கிறது. அலையின் பள்ளம் அதற்குச் சட்டம் போடுகிறது, மேலே வளைந்த அலையின் முனைகள் அந்தப் பக்கமாக விழுகின்றன, பனி மூடிய வெள்ளை உச்சிக்குப் பின்னால் வானம் மங்கி நிற்கிறது. சின்னதை முக்கியமாக்கும் வித்தையை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேள்வி: நிகழ்ச்சிகளுக்குப் போஸ்டர் செய்கிறேன். எல்லாத் தகவலும் முக்கியம் என்று கொடுப்பவர் சொல்கிறார். எல்லாவற்றையும் போல்டாக்கினால் எதுவும் தெரியவில்லை.

போல்டு என்பது பக்கத்தில் மெல்லிய எழுத்து இருந்தால்தான் போல்டு. வாசகர் முதலில் எதைப் பார்க்க வேண்டும், இரண்டாவது எது, மூன்றாவது எது என்று அவரிடமே வரிசை கேட்டு வாங்குங்கள். முதலாவதை மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்குங்கள். சற்றே பெரிதாக்கினால் கை தவறியது போலத்தான் இருக்கும்.

அடுத்தது இடைவெளி. அருகருகே இருப்பவற்றையும் ஒத்த தோற்றம் உள்ளவற்றையும் கண் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளும்; உளவியலாளர் வெர்ட்ஹைமர் 1923இல் விளக்கிய விஷயம் இது. தேதி, நேரம், இடம் மூன்றையும் நெருக்கி வைத்து, சுற்றிலும் காலி இடம் விடுங்கள். கட்டம், கோடு, நட்சத்திரம் எதுவும் தேவைப்படாது.

கேள்வி: நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை என்றுதானே சொல்கிறார்கள்? எனக்குச் சேற்றுப் பச்சைதான் வருகிறது.

எந்த நீலம் என்பதைப் பாருங்கள். அல்ட்ராமரைன் நீலம் ஊதாவை நோக்கிச் சாய்ந்தது, அதாவது அதற்குள் கொஞ்சம் சிவப்பு ஒளிந்திருக்கிறது. மஞ்சளோடு சேரும்போது அந்தச் சிவப்பு பச்சையைக் கெடுக்கிறது. பச்சைப் பக்கம் சாய்ந்த தாலோ (phthalo) என்ற நீலத்தை எலுமிச்சை மஞ்சளோடு கலந்தால் பளிச்சென்று வரும். சேற்றுப் பச்சையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இலைகளின் நிழல் பக்கத்துக்கு அதுதான் வேண்டும்.

ஒரு நிறத்துக்கு மூன்று முகங்கள்: என்ன நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு செறிவு. அமெரிக்க ஓவியர் மன்செல் தன் வண்ண முறையை இந்த மூன்றின் மேல்தான் கட்டினார். இவற்றில் படத்தைத் தாங்குவது வெளிச்சம், அதாவது டோன். டோன் பழகிய பிறகு வண்ணத்துக்கு வாருங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் வரைந்த துறைமுகச் சூரியோதயத்தில் ஆரஞ்சுச் சூரியன் தகதகக்கும். அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கினால் சூரியன் ஏறத்தாழ வானத்தில் கரைந்துவிடும், இரண்டுக்கும் டோன் கிட்டத்தட்ட ஒன்றே. வெளிச்சத்தில் ஒன்றாக்கி நிறத்தில் மட்டும் பிரித்ததால்தான் அது அப்படித் துடிக்கிறது.

கேள்வி: டேப்லெட்டிலேயே நேரடியாகக் கற்கலாமா?

தாராளமாக. படத்தை ஒரே தட்டில் கருப்பு வெள்ளையாக்கிப் பார்க்கும் வசதி தாளில் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் அன்டூ அழுத்தினால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. பயிற்சியின்போது அதைத் தொடாமலிருக்கப் பழகுங்கள். அளவுக்கு மீறி ஜூம் செய்யவும் வேண்டாம். அச்சுக்குப் போகும் வேலையென்றால் திரையில் ஒளியால் உண்டாகும் பளிச்சென்ற நீலமும் பச்சையும் மையில் அப்படியே வராது, முன்கூட்டியே ஒரு சோதனை அச்சு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஃபோட்டோவைப் பார்த்து வரைவது தவறா?

தவறில்லை. ஃபோட்டோவில் நிழல்கள் ஒரேயடியாகக் கருப்பாகிவிடும், அருகில் எடுத்தால் மூக்கு பெருத்துவிடும். நேரில் பார்த்து வரைந்து பழகியவருக்கு எதைத் திருத்துவது என்று தெரியும். அதனால் பாதிக்குப் பாதியாவது நேரில் பார்த்து வரையுங்கள்.

கேள்வி: முடித்த படத்தில் தவறு இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. சொல்லித்தர ஆளும் இல்லை.

கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இடவலம் மாறியதும் பழகிப்போன கண்ணுக்கு அது புதுப் படமாகிவிடும், கோணல் உடனே தெரியும். பிறகு தலைகீழாகத் திருப்பி டோனைப் பாருங்கள். அப்போதும் பிடிபடாவிட்டால் ஒரு நாள் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மறுநாள் அறைக்குள் நுழையும்போது வாசலிலிருந்தே பாருங்கள். கண் முதலில் போய் இடறும் இடம் எதுவோ, பென்சிலை அங்கே வைப்பதற்கு முன் அதைச் சுற்றியிருப்பதை அளந்துவிடுங்கள்.