தந்தையர் கேட்டதும் அமைச்சர்கள் சொன்னதும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நான் வடமேற்கு லண்டனில் வசிக்கிறேன். மனைவியும் நானும் சில ஆண்டுகளுக்கு முன் பிரிந்தோம். இரண்டு பிள்ளைகளும் தாயுடன் இருக்கிறார்கள். தாபரிப்புப் பணத்தை ஒரு மாதமும் தவறாமல் கட்டிவருகிறேன். முன்பு வாரத்தில் இரண்டு இரவுகள் பிள்ளைகள் என்னுடன் தங்குவார்கள். தாய் லெஸ்டருக்குக் குடிபெயர்ந்த பிறகு மாதத்தில் இரண்டு இரவுகளாக அது சுருங்கிவிட்டது. அதனால் நான் கட்ட வேண்டிய தொகையும் கூடிவிட்டது. அதே காலத்தில் மேலதிக நேர வேலை நின்று என் வருமானம் குறைந்தது. கால் பங்காவது குறைந்தால்தான் கணக்கை மாற்றலாம் என்று தாபரிப்புச் சேவையினர் சொன்னார்கள். எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதினேன். பிள்ளைகளின் நலனே அரசின் முதன்மை நோக்கம், பிள்ளைகளைச் சந்திப்பது நீதிமன்றத்துக்குரிய விடயம் என்று இரண்டு பந்திகளில் பதில் வந்தது. எந்தக் கட்சியை எடுத்தாலும், பிரிந்த தந்தை என்றால் பணம் கட்டாமல் ஓடுகிறவன் என்ற பேச்சுத்தான். எங்கள் அதிருப்தியை ஏன் எந்த அரசியல்வாதியும் காதில் வாங்குவதில்லை? பிள்ளைகளைக் காட்டாதபோது பணத்தை நிறுத்துவதைத் தவிர எங்களிடம் வேறு என்ன ஆயுதம் இருக்கிறது?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

க.

அன்பின் க. அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்குத்தான் தயங்காமல் விடை சொல்ல முடிகிறது. பணத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அரசின் தாபரிப்புச் சேவையான சைல்ட் மெயின்டனன்ஸ் சேர்விஸ் உங்கள் முதலாளிக்கு எழுதிச் சம்பளத்திலிருந்தே அதைப் பிடித்துக்கொள்ளும்; அப்படிப் பிடிக்கத் தொடங்கினால் 20 சதவீதம் மேலதிகமாக உங்களிடம் அறவிடும், தாய்க்குச் சேர வேண்டியதிலும் 4 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும். வாரத்துக்கு 96 பவுண்டு கட்ட வேண்டியவர் 115 பவுண்டு 20 பென்ஸ் கட்டுவார், தாயின் கைக்கு 92 பவுண்டு 16 பென்ஸ் போய்ச் சேரும், இடையில் உள்ளது அரசுக்கு. இந்தக் கணக்கு ஒருபுறம் இருக்க, தந்தையைக் காணாத பிள்ளை தந்தையின் பணத்தையும் இழக்க வேண்டும் என்ற வாதத்தை எந்த நீதியின் பேராலும் என்னால் ஏற்க முடியவில்லை. தந்தையர் இயக்கங்களில் சில இந்த வாதத்தை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதும், அவர்களுடைய நியாயமான முறைப்பாடுகள் செவிமடுக்கப்படாமல் போனதற்கு ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

ஆனால் அந்த முறைப்பாடுகள் நியாயமானவை. உங்கள் கடிதத்தில் இருப்பதைவிட அவை வலுவானவை என்றுகூடச் சொல்வேன், ஏனெனில் நீங்கள் உங்கள் வழக்கை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சட்டம் பிறந்த விதத்திலேயே அந்தக் கோளாறு இருக்கிறது.

1990இல் தாட்சர் அரசு பிள்ளைத் தாபரிப்பைப் பற்றி ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. பிள்ளைகளே முதலில் என்பது அதன் தலைப்பு. அதன் வழியே ஜோன் மேஜர் காலத்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறி, 1993 ஏப்ரலில் இன்றைய சேவையின் முன்னோடியான சைல்ட் சப்போர்ட் ஏஜென்சி வேலையைத் தொடங்கியது. தலைப்பு பிள்ளைகளைச் சொன்னாலும் கணக்கு திறைசேரியினுடையது. தனித்து வாழும் தாய்மாருக்கு அரசு கொடுத்துவந்த உதவிப்பணத்தின் செலவைத் தந்தையரிடமிருந்து மீட்பதே உடனடி நோக்கம். முதல் ஆண்டிலேயே 50 கோடி பவுண்டுக்கும் மேல் மிச்சப்படுத்த வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு இலக்கு வைத்தார்கள். உதவிப்பணத்தில் வாழ்ந்த தாய்க்குத் தந்தை ஒரு பவுண்டு கட்டினால், அவளுடைய உதவிப்பணத்தில் ஒரு பவுண்டு வெட்டப்பட்டது. பிள்ளையின் தட்டில் ஒரு பருக்கைகூடக் கூடவில்லை. தன் பணம் பிள்ளைக்குப் போகவில்லை என்று அந்நாளில் ஒரு தந்தை சொன்னபோது அவர் சாக்குச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். 2003இல் வாரத்துக்கு 10 பவுண்டையும், 2008இல் 20 பவுண்டையும் தாய் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். முழுத் தொகையும் வெட்டின்றித் தாயிடம் சேர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினேழு ஆண்டுகள்.

இன்னொரு கூட்டத்தாரின் கோபமும் அப்போதுதான் மூண்டது. விவாகரத்தின்போது வீட்டில் தமக்குரிய பங்கை மனைவிக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகத் தாபரிப்பைக் குறைத்தோ இல்லாமலோ நீதிமன்றத்தில் தீர்த்துக்கொண்ட ஆண்கள் பலர் இருந்தார்கள். புதிய நிறுவனம் அந்தத் தீர்ப்புகளைக் கணக்கில் எடுக்காமல் அவர்கள்மீது புதிதாகத் தொகை விதித்தது. முகவரியும் நிலையான சம்பளமும் உள்ளவர்கள் என்பதால் எளிதில் அகப்பட்டவர்களும் அவர்களே. ஒருவருடைய தொகையைக் கணிக்க நூற்றுக்கும் மேற்பட்ட தகவல்கள் தேவைப்பட்ட அந்தச் சூத்திரத்தைக் கட்டுபவராலும் பெறுபவராலும் சரிபார்க்க முடியவில்லை. முதல் தலைமை நிர்வாகி 1994 செப்டெம்பரில் பதவி விலகினார்.

இனி உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிய கட்சி எதுவும் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. வலதுசாரிகளுக்கு அது தந்தையின் பொறுப்பையும் அரச செலவுக் குறைப்பையும் சேர்த்துச் சொன்ன சட்டம். இடதுசாரிகளுக்குத் தாய்க்கும் பிள்ளைக்கும் துணையான சட்டம். எதிர்ப்பதற்குக் கட்சி இல்லாத ஒரு விடயத்தில் பாதிக்கப்பட்டவர்கள் யாரிடம் போவார்கள்? உறுப்பினர்களின் அலுவலகங்களில் கடிதங்கள் மலையாகக் குவிந்தபோதும், அவற்றுக்கு அரசியல் தந்த விடைகள் எல்லாம் விகிதத்தையோ நிறுவனத்தின் பெயரையோ மாற்றும் விடைகளாகவே இருந்தன. 1995இல் நிகர வருமானத்தின் 30 சதவீதத்துக்கு மேல் அறவிடக் கூடாது என்ற உச்சவரம்பும், விட்டுக்கொடுத்த சொத்துக்கு ஓரளவு சலுகையும் வந்தன. 2003இல் ஒரு பிள்ளைக்கு நிகர வருமானத்தின் 15 சதவீதம், இரண்டுக்கு 20, மூன்று அல்லது அதற்கு மேலானால் 25 என்று சூத்திரம் எளிதாக்கப்பட்டது. அதற்கென வாங்கிய கணினி அமைப்புத் தடுமாறியதில் எளிமையின் பயன் போய்விட்டது. அந்த நிறுவனம் தன் வேலைக்கு ஏற்ற அமைப்பாக இல்லை என்று பிரதமர் டொனி பிளேயரே 2005 நவம்பரில் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2006இல் அந்த நிறுவனத்தை ஆராய்ந்த சேர் டேவிட் ஹென்ஷோவின் அறிக்கை, 2008இல் புதிய சட்டமும் புதிய ஆணைக்குழுவும், 2012இல் அந்த ஆணைக்குழுவும் கலைக்கப்பட்டு இன்றைய சேவை, மொத்த வருமானத்தில் 12, 16, 19 என்ற விகிதங்கள். தந்தையர் கேட்டது பிள்ளையோடு தமக்குள்ள உறவைப் பற்றி. கிடைத்தது ஒவ்வொரு முறையும் ஒரு புதிய அட்டவணை.

2004 மே 19ஆம் திகதி, பிரதமரின் கேள்வி நேரத்தில், பிரிந்த தந்தையரின் போராட்ட இயக்கமான ஃபாதர்ஸ் ஃபோர் ஜஸ்டிஸ் அமைப்பினர் பார்வையாளர் மாடத்திலிருந்து ஊதா நிற மாவுப் பொட்டலங்களை பிளேயர்மீது எறிந்தார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் ஒருவர் பேட்மேன் வேடத்தில் பக்கிங்ஹாம் அரண்மனையின் முகப்பில் ஏறி நின்றார். அவர்களுடைய கோரிக்கை பணத்தைப் பற்றியதே அல்ல. பிள்ளைகளைச் சந்திக்கும் உரிமையைப் பற்றியது. பொதுமக்கள் மனத்திலோ இரண்டும் ஒன்றாகிப் போயின. அதைவிட, மாவு விழுந்த நாளில் அரசியல்வாதிகள் பேசியது முழுவதும் சில வாரங்களுக்கு முன் மாடத்தில் பொருத்திய கண்ணாடித் தடுப்பைப் பற்றியும், எறிந்தவர்கள் அதற்கு முன்வரிசையில் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதைப் பற்றியுமே. அந்த ஆர்ப்பாட்டத்தை நான் ஆதரிப்பவன் அல்லன். ஆனாலும் கேள்வியை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பற்றிப் பேசியது அந்தத் தலைமுறைத் தந்தையர் பலருக்கு மறக்க முடியாத அனுபவமாகியிருக்கும்.

உங்களுக்கு வந்த இரண்டு பந்திப் பதிலும் இதே வகையைச் சேர்ந்தது. அதை எழுதியவர் பொய் சொல்லவில்லை. தாபரிப்புப் பணம் தொழில் மற்றும் ஓய்வூதியத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. பிள்ளைகளைச் சந்திப்பது நீதி அமைச்சின் கீழ் குடும்ப நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. பணத்தைப் பற்றிக் கேட்டால் நேரம் எங்கள் வேலையல்ல என்கிறார்கள், நேரத்தைப் பற்றிக் கேட்டால் பணம் எங்கள் வேலையல்ல என்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் ஒரே இடம் இரவுகளின் எண்ணிக்கை. வாரத்துக்கு 600 பவுண்டு மொத்த வருமானம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகளுக்கு 16 சதவீதப்படி அவர் 96 பவுண்டு கட்ட வேண்டும். ஆண்டில் 52 இரவுகள் பிள்ளைகள் அவருடன் தங்கினால் அதில் ஏழில் ஒரு பங்கு குறையும். 104 இரவுகள் தங்கினால் ஏழில் இரண்டு பங்கு குறைந்து 68 பவுண்டு 57 பென்ஸ் ஆகும். 103 இரவுகளுக்கும் 104 இரவுகளுக்கும் இடையிலான அந்த ஒற்றை இரவின் விலை ஆண்டுக்கு 700 பவுண்டுக்கும் மேல். பிரிந்த இருவருக்கிடையே இப்படியொரு எண்ணை வைத்துவிட்டு, நாட்காட்டியைப் பார்த்து அவர்கள் சண்டையிடக் கூடாது என்று எதிர்பார்ப்பது எப்படி? பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இரவில் தாயிடம் கொண்டுபோய் விடும் தந்தைக்கு இந்தக் கணக்கில் ஒரு பென்னியும் குறையாது. உங்கள் வழக்கில் நீங்கள் எதையும் செய்யாமலேயே இரவுகள் குறைந்தன. சூத்திரத்துக்கு அது தெரியாது, அது இரவை மட்டும் எண்ணும்.

வருமானம் கால் பங்கு மாறினால்தான் ஆண்டு மீளாய்வுக்கு முன் கணக்கு மாறும் என்ற விதியிலும் இதே குருட்டுத்தனம் உண்டு. 600 பவுண்டு 460 ஆகக் குறைந்தாலும் அது 25 சதவீதத்தை எட்டாது. அவர் 96 பவுண்டையே கட்டுவார், அதாவது தன் வருமானத்தில் 20 சதவீதத்துக்கும் மேல். விகிதம் மாறும் வாரம் 800 பவுண்டு, கணக்கில் எடுக்கும் வருமானத்தின் உச்சமான 3000 பவுண்டு என்று 2012இல் வைத்த படிகள் விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படவில்லை. குறைந்த வருமானக்காரருக்கான 100, 200 பவுண்டு என்ற படிகள் 2003ஆம் ஆண்டுத் திட்டத்திலிருந்தே வருபவை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கு இதில் இடமே கிடையாது என்பதை நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, அரசியல்வாதிகளின் எச்சரிக்கைக்கு உள்ள காரணத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு தந்தையின் கடிதம் வரும் அதே அலுவலகத்துக்கு, ஒரு பவுண்டும் பெறாத தாய்மாரின் கடிதங்களும் வருகின்றன. சம்பளக்காரரின் வருமானத்தை வருமான வரித் திணைக்களத்திலிருந்து நேரே எடுத்துவிடலாம். சொந்தக் கம்பனியில் பங்கிலாபமாக எடுப்பவரிடம் அது நடக்காது, ஆண்டுக்கு 2500 பவுண்டுக்கு மேல் அப்படி வருகிறதென்று தாய்தான் தனியாக மனுச் செய்ய வேண்டும். நம் கடைகள் சிலவற்றில் சம்பளத்தில் ஒரு பங்கைக் கையில் கொடுப்பதும், தாபரிப்புக் கணக்கு வரும்போது அந்தப் பங்கு பெருகுவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. நேர்மையாகக் கட்டும் உங்கள் பெயரைக் கெடுப்பவர்கள் அமைச்சர்கள் மட்டும் அல்லர். நிறுவனம் பணத்தை அறவிடத் தவறினால் தாய் தானே நீதிமன்றம் போக முடியுமா என்ற கேள்வி கீஹோ வழக்கில் 2005இல், அன்று உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. அப்படியொரு உரிமை சட்டத்தில் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தாபரிப்புச் சேவையிடம் தந்தை இரவைக் கேட்க முடியாததைப் போல, நீதிமன்றத்தில் தாய் அந்தப் பணத்தைக் கேட்க முடியாது. இந்த இருவரும் ஒரே மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார வேண்டியவர்கள் என்பது என் எண்ணம். முப்பது ஆண்டுகளாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், மேசைக்கு அப்பால் இருக்கும் அரசுக்கு அது வசதியாக இருக்கிறது.

சந்திப்பு விடயத்திலும் நிலை இதுதான். குடும்ப நீதி முறையை ஆராய்ந்த டேவிட் நோர்கிரோவ் குழு 2011இல் வேண்டாம் என்று சொன்ன பிறகும், பெற்றோர் இருவரும் பிள்ளையின் வாழ்வில் பங்கெடுப்பது நன்மை பயக்கும் என்ற அனுமானத்தை 2014இல் சட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் அது நேரத்தை எந்த விகிதத்திலும் பிரிப்பதாகாது என்ற வரியையும் கூடவே சேர்த்தார்கள். தந்தையருக்குக் கொடுத்ததாகவும் ஆயிற்று, கொடுக்காததாகவும் ஆயிற்று. வன்முறையாளரான பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைக் காக்கும் காரணத்துக்காக அதையும் நீக்கப்போவதாக 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. அந்தக் காரணம் பெரியது, அதை எதிர்த்து எழுத எனக்கு விருப்பமில்லை. வன்முறையற்ற தந்தைக்கு என்ன விடை என்பதைத்தான் எவரும் சொல்லவில்லை.

எனவே உங்கள் உறுப்பினருக்கு மீண்டும் எழுதுங்கள். இம்முறை கோபத்தை எழுதாமல், பதில் சொல்லாமல் தப்ப முடியாத கேள்விகளை எழுதுங்கள். 800 பவுண்டுப் படி எந்த ஆண்டில் மீளாய்வு செய்யப்படும் என்று அமைச்சரிடம் எழுத்துமூலம் கேட்கச் சொல்லுங்கள். தாயும் தந்தையும் நேரடியாகக் கொடுத்து வாங்கும் முறையை ஒழித்து எல்லாப் பணத்தையும் சேவையின் வழியே செலுத்த வைக்கப்போவதாகவும், ஒழுங்காகக் கட்டுபவரிடமும் பெறுபவரிடமும் 2 சதவீதம் அறவிடப்போவதாகவும் 2025 ஜூனில் அரசு சொன்னது. ஒரு மாதமும் தவறாத உங்களைப் போன்றவரிடம் அந்த 2 சதவீதம் எதற்கு என்று கேட்கச் சொல்லுங்கள். தாயின் பங்கிலும் அது கழிக்கப்படும் என்பதால், உங்கள் பிள்ளைகளின் தாயும் அதே கேள்வியில் கையெழுத்திடக்கூடும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் செலவு சராசரியாக வாரத்துக்கு 10 பவுண்டைத் தாண்டினால், அதைக் கணக்கில் எடுக்கும்படி சேவையிடம் தனியாக மனுச் செய்யலாம். இதை அவர்கள் தாமாகச் சொல்வது அரிது. பெரிய ஆறுதல் அல்ல: வாரம் 40 பவுண்டு செலவிட்டு அது முழுவதும் வருமானத்திலிருந்து கழிக்கப்பட்டாலும், 16 சதவீதப்படி நீங்கள் கட்டுவதில் குறைவது 6 பவுண்டு 40 பென்ஸ்தான். இருந்தாலும் லெஸ்டர் ரயில் சீட்டுகளையும் பெற்றோல் பற்றுச்சீட்டுகளையும் இன்றிலிருந்து எடுத்து வையுங்கள். மனு நிராகரிக்கப்பட்டால் மீள்பரிசீலனை கேட்கத் தவணை உண்டு. கடிதத்தில் உள்ள திகதியைக் கவனியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்