வயதுப் பிரிவைக் கணக்கிடும் தேதி ஆகஸ்ட் 1க்கு மாறினால் பிள்ளையின் கால்பந்து அணி பிரியுமா?

பெரும்பாலும் பிரியும். அமெரிக்கச் சிறுவர் கால்பந்தில் 2025-26 பருவத்தில் ஜனவரி 1 கணக்கு, அதாவது ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் ஒரு பிரிவு. 2026-27 பருவத்திலிருந்து பெரும்பாலான அமைப்புகளில் ஆகஸ்ட் 1 முதல் அடுத்த ஜூலை 31 வரை பிறந்தவர்கள் ஒரு பிரிவு.

2014இல் பிறந்தவர்களின் அணியைப் பாருங்கள். ஜனவரி–ஜூலையில் பிறந்தோர் 13 வயதுப் பிரிவுக்குப் போய் 11 பேர் ஆட்டம் ஆடுவார்கள். ஆகஸ்ட்–டிசம்பரில் பிறந்தோர் 12 வயதுப் பிரிவிலேயே இன்னோர் ஆண்டு, 9 பேர் ஆட்டத்தில். அணியில் மூத்தவர்களாவதால் அவர்களுக்கு உடல்வலுவில் சாதகம். ஜூலைப் பிள்ளைகள்தான் இனி கடைக்குட்டிகள், அவர்களிடம் பயிற்சியாளர் பொறுமை காட்டியே ஆகவேண்டும்.

ஆனால் பள்ளி ஆண்டோடு ஒத்துப்போவதால் வகுப்புத் தோழர்கள் சேர்ந்து ஆட வாய்ப்பு கூடும். எட்டாம் வகுப்பில், கூட ஆடிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உயர்நிலைப்பள்ளி அணிக்குப் போய்விட, தனித்து நிற்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

அணித் தேர்வுக்கு முன்பே கிளப்பிடம் கேளுங்கள்: மேல் பிரிவில் ஆட அனுமதி உண்டா? கீழிறங்கி ஆடப் பொதுவாக விடமாட்டார்கள்.