பழைய தேவாலயத்தை என்ன செய்யலாம்? வாசகர் கேள்வி-பதில்

எங்கள் பழைய தேவாலயம் நூறு வயதைத் தாண்டியது. வழிபாடு புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. இடித்துவிடலாம் என்கிறது ஒரு தரப்பு, நூலகமாக்கலாம் என்கிறது இன்னொரு தரப்பு. நீங்கள் யார் பக்கம்?

நூலகம் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு. உள்ளே எது வந்தாலும் அது பழைய சுவரைத் துளைக்காமல் தனியாக நிற்க வேண்டும், நாளைக்கே வேண்டாமென்றால் கழற்றி எடுக்க முடிய வேண்டும். இதற்கு ஓர் உதாரணம்: நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் நகரில் டொமினிக்கன் துறவிகளின் 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. 1794இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும் வழிபாடு நின்றுபோய், அப்புறம் என்னென்னவோ ஆகி, ஒரு காலத்தில் சைக்கிள் நிறுத்தும் இடமாகக்கூட இருந்து, 2006இல் புத்தகக் கடையானது. உள்ளே மாடி மாடியாக ஏறும் பெரிய இரும்பு அடுக்கு ஒன்றை நட்டிருக்கிறார்கள். படியேறிப் போனால் மேல்விதானம் கண்ணுக்கு அருகில் வந்துவிடும். பீடம் இருந்த பகுதியில் காபிக் கடை, அங்கே சிலுவை வடிவில் ஒரு மேசை. (மேசை எனக்குக் கொஞ்சம் ஓவராகத்தான் படுகிறது.)

சுவரெல்லாம் ஓதம், பூச்சு பொரிந்து உதிர்கிறது. மேஸ்திரி சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார். பூசலாமா?

வேண்டவே வேண்டாம்! சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சும், காற்றுப்பட்டால் வெளியே விட்டுவிடும், இத்தனை வருடம் அப்படித்தான் தாக்குப்பிடித்திருக்கிறது. மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, அதில் கரைந்திருக்கும் உப்பு கல்லுக்குள் பூத்து, கடைசியில் பூச்சோடு சேர்த்துக் கல்லின் மேல்தோலையும் உரித்துக்கொண்டு வரும். பார்ப்பதற்குப் புதிதாக இருக்கும், அவ்வளவுதான். சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு மழை நாளில் குடையோடு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். பாதி ஓதத்துக்குக் காரணம் நகர்ந்த ஓடு, இலை அடைத்த மழைநீர்க் குழாய், சுவரடியில் தேங்கும் தண்ணீர் இதெல்லாம்தான். கூரையைச் சரிசெய்யாமல் உள்ளே அலமாரி வாங்கிப் போடுவது வெட்டிச் செலவு.

கடவுள் இருந்த இடத்தில் கடை வைத்தால் புனிதம் கெடாதா என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள்...

நியாயமான வருத்தம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1222ஆம் விதியே இதற்கு வழி சொல்கிறது: வலுவான காரணம் இருந்தால் ஆயர் (பிஷப்) ஒரு தேவாலயத்தை வேறு பயன்பாட்டுக்கு விடலாம், அந்தப் பயன்பாடு இழிவானதாக மட்டும் இருக்கக் கூடாது. மற்ற சபைகளுக்கு அவரவர் விதி. பாரிஸின் பாந்தியோனும் தேவாலயமாகக் கட்டியதுதான். 1791இல் நாட்டின் புகழ்பெற்ற மனிதர்களை அடக்கம் செய்யும் இடமாகி, பிறகு இரண்டு தடவை திரும்பவும் தேவாலயமாகி, 1885இல் எழுத்தாளர் விக்தர் ஹியூகோ இறந்தபோது மறுபடி நினைவிடமானது. கழற்றக்கூடியதாக இருக்கட்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான், உங்கள் பேரப்பிள்ளைகள் அங்கே மறுபடி ஜெபிக்க விரும்பலாம்.

இன்னொன்று, இங்கே எதெல்லாம் நடக்கக் கூடாது என்பதைப் பெரியவர்களையே கேட்டுப் பட்டியல் போட்டு, கட்டடத்தைக் கொடுக்கும்போது ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்து வாங்குபவருக்கும் அது செல்லுமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.