‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?

கே: என் போனில் இ-சிம் (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) ஓடுமா? கடைக்காரர் ‘ஓடும்’ என்கிறார். (திண்டுக்கல் வாசகர்)

ப: அவரை எதற்குக் கேட்கிறீர்கள்? *#06# அடியுங்கள். போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்களோடு, 32 இலக்கத்தில் இஐடி என்று இ-சிம்முக்கான அடையாள எண் ஒன்று வந்தால் பெரும்பாலும் ஓடும்.

கே: தாய்லாந்தில் ‘தினமும் அன்லிமிடெட்’ இ-சிம் போட்டோம். மதியத்துக்கு மேல் ஒரு போட்டோகூடப் போகவில்லை. (மதுரை வாசகி)

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நான் வாங்கிய ஒன்றும் இதே லட்சணம்தான். இப்படி விற்கும் பல பிளான்களில் முழு வேகம் நாளுக்கு 1 அல்லது 2 ஜிபிதான். அது தீர்ந்ததும் வேகத்தை 128 கேபிபிஎஸ் அளவுக்கு இறக்கிவிடுவார்கள். அதாவது நொடிக்கு 16 கேபி; 2 எம்பி போட்டோ ஒன்று போய்ச்சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நெட் நிற்கவில்லையே, அதனால் அன்லிமிடெட் என்று வாதம் செய்வார்கள். பெரிய எழுத்தில் ஆசை காட்டி, பொடி எழுத்தில் கழுத்தறுக்கும் இந்த வியாபாரத்தைத் தடை செய்ய வேண்டும். வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள்: ‘எஃப்யூபி’ (முழு வேகத்தில் கிடைக்கும் அளவு) எத்தனை ஜிபி, அதற்குப் பிறகு என்ன வேகம், ஹாட்ஸ்பாட் உண்டா. வேகத்தை எண்ணில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். 10 ஜிபி என்று அளந்து தரும் பேக்கே மேல்.

கே: சிங்கப்பூரில் இறங்கியும் நெட் வரவில்லை. இ-சிம்மை டெலிட் செய்துவிட்டு அதே க்யூஆரை ஸ்கேன் செய்தால் ஏற்கவில்லை. (சேலம் வாசகர்)

ப: பெரும்பாலான க்யூஆர் ஒரு தடவைக்குத்தான். வாங்கும்போது வந்த மெயிலைப் படித்திருக்கலாம். இ-சிம்முக்கு டேட்டா ரோமிங்கை ஆன் செய்யாமல் விடுவதுதான் வழக்கமான கோளாறு, அடுத்தது ஏபிஎன் (போனை நெட்டில் இணைக்கும் செட்டிங்) தப்பாக இருப்பது. விற்றவரிடம் புது க்யூஆர் கேட்டுப் பாருங்கள்.

கே: சிங்கப்பூர், மலேசியா பேக் போட்டுத்தான் அப்பா க்ரூஸ் போனார். ஆயிரக்கணக்கில் பில் வந்திருக்கிறது. (திருச்சி வாசகர்)

ப: அப்பாவைத் திட்டாதீர்கள். கரை விலகியதும் கப்பல் சாட்டிலைட் வழியாகத் தன் சொந்த நெட்வொர்க்கைப் போடும். போன் தானாக அதில் ஒட்டிக்கொள்ளும். நாட்டுக்கான பேக் அங்கே செல்லாது. விற்றவர்கள்தான் இதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். ஐட்டம்வாரியான பில், பேக் விவரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரோமிங் எஸ்எம்எஸ்கள் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, கஸ்டமர் கேரில் புகார் கொடுத்து டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) வாங்குங்கள். தீரவில்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு 30 நாளுக்குள் போகலாம்; கட்டணம் இல்லை. இனிமேல் கப்பலோ விமானமோ, ஏறியதும் ஏரோப்ளேன் மோட், பிறகு வைஃபை மட்டும்.

கே: பாரிஸில் வாங்கிய சிம் சூரிச்சில் செத்துப்போனது ஏன்? (கோவை வாசகர்)

ப: சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூன் 15 முதல் நடப்பில் உள்ள ரோமிங் சலுகை அதைக் கட்டுப்படுத்தாது. நாடுகளின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கே: வெளிநாட்டு சிம் போட்டால் பேங்க் ஓடிபி எப்படி வரும்? (நாகர்கோவில் வாசகி)

ப: இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். கிளம்புமுன் அதில் இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆக்டிவேட் செய்து, திரும்பும் நாள் வரை வேலிடிட்டி இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டாவுக்கு வெளிநாட்டு சிம்மைத் தேர்ந்தெடுத்து, இந்திய சிம்மின் டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்யுங்கள். உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு இல்லை. அழைப்பை எடுத்தால்தான் காசு.