அப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு வந்தால் மகனுக்கும் வந்தே தீருமா?

வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் அந்த 48 என்ற வயதை அலட்சியம் செய்யாதீர்கள். அப்பா, அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா தங்கைக்கு 65க்கு முன்போ இதய நோய் வந்திருந்தால் மருத்துவர்கள் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்கள்.

பெரும்பாலும் சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் பல சேர்ந்துதான் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஒரு விதிவிலக்கு, பரம்பரையாக வரும் மிகைக் கொழுப்பு. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பைச் சரியாக இழுத்துக்கொள்ளாததால், பிறந்ததிலிருந்தே அது ரத்தத்தில் அதிகமாக இருக்கும். ஒல்லியான ஆளுக்கும் இருக்கலாம். சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

சரி, மற்றவர்களுக்கு? 2016இல் சுமார் 55,000 பேரை வைத்து வெளியான ஆய்வில், மரபணு ஆபத்து அதிகமுள்ளவர்களிலும் புகைக்காமை, பருமனின்மை, உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களுக்கு, ஒன்றுக்கு மேல் கடைப்பிடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், ஆபத்து ஏறக்குறைய பாதிதான். எனக்குப் பெரிய நம்பிக்கை தந்த கணக்கு இது.

புகைப்பவர் என்றால் முதலில் அதை விடுங்கள். அப்புறம் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். எல்டிஎல் 190ஐ (மி.கி./டெ.லி.) தாண்டியிருந்தால் அது பரம்பரையாக வந்ததாக இருக்கலாம், உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.