எடுத்த எடுப்பில் 8 கிலோமீட்டர் நடக்கலாமா?

கேள்வி: வயது 53. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கக் கல்லாவில்தான். ஆறு வருடமாக சுகர், மாத்திரை மட்டும். அரசின் 8 கிலோமீட்டர் நடைக்குத் தெரு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். போகலாமா? முதலில் முழு உடல் பரிசோதனை செய்யச் சொல்கிறார் ஒருவர்.

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் எட்டையும் முடிக்க வேண்டாம். 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் குறித்தது பாதையின் நீளம். உங்களுக்கு வைத்த பரீட்சை இல்லை. 10 நிமிடம் போய்த் திரும்பி வாருங்கள். நடக்கும்போது பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது, அதுதான் வேகம். பிறகு வாரம் 150 நிமிடம் வரை மெல்லக் கூட்டலாம். அந்தத் திட்டத்தின் நடைக்கென்று மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் நடந்துவிட்டு மீதி நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தால் முட்டிவலிதான் மிச்சம்.

மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். இல்லையென்றால் மெதுவாக நடக்க ஆயிரக்கணக்கில் 'பேக்கேஜ்' எதற்கு? சொன்னவருக்குக் கமிஷன் உண்டா என்று விசாரியுங்கள். பூங்கா வாசலில் மேஜை போட்டு இலவசமாக மெஷினில் உடல் கொழுப்பு பார்ப்பவர்களிடமும் ஜாக்கிரதை. என்னிடம் வரும் ஒருவருக்கு அந்த மெஷின் 'உடல் வயது 71' என்று காட்டியது, அவருக்கு 48. பயந்துபோய் மூன்று மாதம் டப்பா பவுடர் குடித்தார், நடையை விட்டுவிட்டார்.

உங்கள் விஷயத்தில் என் கவலை பாதம்தான். மதமதப்பு இருக்கிறதா? செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்ததுண்டா? அப்படியானால் ஷூவுக்குள் கல் கிடந்தாலும் உறைக்காது. கொப்புளம் புண்ணான பிறகுதான் தெரியும். போடும் முன் ஷூவைத் தட்டி, உள்ளே விரலால் தடவுங்கள். இரவில் தரையில் கண்ணாடி வைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள். பூங்காவில் 8 வடிவத்தில் கூழாங்கல் பதித்த நடைபாதை போட்டிருப்பார்கள். யார் சொன்னாலும் வெறுங்காலோடு அதில் ஏறாதீர்கள். மதமதப்பு இல்லாதவர்கள் ஏறட்டும். நீங்கள் டாக்டரிடம் பாதத்தைக் காட்டிய பிறகு பார்க்கலாம்.

எட்டு கிலோமீட்டர் என்று போர்டு வைக்க முடிந்த அரசுக்கு நடைபாதையில் நிற்கும் பைக்கை எடுக்க முடியவில்லை. பூங்காவையும் வெயில் ஏறியதும் பூட்டிவிடுகிறார்கள். கடைக்காரர் எப்போது நடப்பது? நீங்கள் கடை சாத்தி, சாப்பிட்டபின் விளக்கு எரியும் தெருவில் கால் மணி நேரம் நடங்கள். சாப்பிட்டபின் ஏறும் சுகருக்கு அது நல்லது. சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போடுங்கள்.