ரிப்பேர் பட்டனை அமுக்காதீங்க, முதல்ல காப்பி எடுங்க

கேள்வி: அண்ணா, குடியாத்தத்துல சின்னதா போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். ஒரு கல்யாணத்தோட போட்டோ, வீடியோ மொத்தமும் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்லதான் இருக்கு, பார்ட்டிக்கு ஆல்பம் இன்னும் குடுக்கல. இப்ப ஃபோல்டர் ஓப்பன் ஆகவே ரொம்ப நேரம் ஆகுது, சில போட்டோ பாதி சாம்பல் கலரா வருது. விண்டோஸ் 'ஸ்கேன் பண்ணி ஃபிக்ஸ் பண்ணவா'ன்னு கேக்குது. செக் டிஸ்க் ஸ்லாஷ் ஆர் (chkdsk /r) கட்டளை போட்டா சரியாயிடும்னு தெரிஞ்சவரு சொல்றாரு. போடலாமா?

பதில்: வேணாம் தம்பி, போடாதீங்க. டிஸ்க்கை சேஃபா கழட்டி வச்சிட்டு மீதியைப் படிங்க.

செக் டிஸ்க்கோட வேலை ஃபைல் சிஸ்டத்தோட (எந்த ஃபைல் டிஸ்க்ல எங்க இருக்குங்கற பதிவோட) கணக்கை நேர் பண்றது, உங்க போட்டோவைக் காப்பாத்துறது இல்ல. டிஸ்க் நல்லா இருந்து, கரண்ட் போனதால கணக்கு குழம்பியிருந்தா அது உருப்படியா வேலை செய்யும். ஆனா பேட் செக்டர் (படிக்க முடியாம கெட்டுப்போன இடம்) விழுந்த டிஸ்க்ல ஃபைல் பட்டியல் இருக்கற இடமே படிக்க முடியலன்னா, அந்தப் பதிவு கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்ணி அழிச்சிடும். ஸ்கிரீன்ல 'டெலீட்டிங் இண்டெக்ஸ் என்ட்ரி'ன்னு லைன் லைனா ஓடும் பாருங்க, அது ஒவ்வொண்ணும் உங்க ஒரு ஃபைலோட பேரா இருக்கலாம். கடைசியில ஃபவுண்ட்.000னு ஒரு ஃபோல்டர்ல ஃபைல்0000.சிஎச்கேன்னு பேர் தெரியாத துண்டுகளா கிடக்கும், முகூர்த்தம் எது ரிசப்ஷன் எதுன்னு யாரு பிரிக்கறது? இன்னிக்கு படிக்க வராத செக்டர் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணா சில சமயம் வந்துடும், ஆனா அதுக்குள்ள ரிப்பேர் டூல் அதே டிஸ்க்ல எழுதிட்டா அந்த வாய்ப்பும் போச்சு. ஸ்லாஷ் ஆர் போட்டா டிஸ்க் முழுக்க ஒவ்வொரு செக்டரா படிக்கும், சாகப்போற டிஸ்க்குக்கு அது பெரிய பாரம். லினக்ஸ்ல இதே வேலையைச் செய்யற எஃப்எஸ்சிகே (fsck) போடறவங்களுக்கும் இதேதான்.

டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ (CrystalDiskInfo) சாஃப்ட்வேர்ல சி5, சி6ங்கற வரிகள்ல ஒண்ணாவது பூஜ்யமா இல்லாம இருந்தா, டிஸ்க்ல படிக்க முடியாத செக்டர் இருக்குன்னு அர்த்தம். அப்ப இதே அளவு, இல்ல பெரிய புது டிஸ்க் ஒண்ணு வாங்கி, லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி, பழைய டிஸ்க்கை மவுண்ட் பண்ணாம (அதாவது ஃபோல்டரா திறக்காம) டிடிரெஸ்கியூங்கற (ddrescue) காப்பி டூல்ல அப்படியே காப்பி எடுங்க. சுலபமா வர்ற இடத்தை முதல்ல எடுத்துட்டு, அடம்பிடிக்கற இடத்துக்கு அப்புறமா திரும்பி வரும், மேப் ஃபைல் (எது வரைக்கும் எடுத்தாச்சுன்னு குறிச்சு வைக்கற ஃபைல்) குடுத்து ஓட்டினா நடுவுல நின்னாலும் விட்ட இடத்துலேந்து தொடரலாம். எது பழசு, எது புதுசுன்னு கட்டளை போடும்போது ரெண்டு தடவை பாத்துக்கோங்க, மாத்திப் போட்டா பழைய டிஸ்க் மேலயே எழுதிடும். ரிப்பேர், ரெக்கவரி எல்லாம் அந்தக் காப்பி மேலதான்.

டிஸ்க் உள்ள 'டக் டக்'னு சத்தம் வந்தா இதையும் செய்யாதீங்க, பவரை நிறுத்திட்டு டேட்டா ரெக்கவரி செய்யற லேபுக்கு எடுத்துட்டுப் போங்க. செலவாகும்தான், ஆனா அந்தக் கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாதே.

கேள்வி: வேலூர் வெயில்ல டிஸ்க் சூடாயிடுது. ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா டேட்டா வந்துடும்னு சொல்றாங்களே? (வாசகி, காட்பாடி)

பதில்: அதைச் செய்யாதீங்கம்மா. வெளிய எடுத்ததும் உள்ள ஈரம் படியும், அதோட ஓட்டினா இருக்கறதும் போயிடும். காப்பி எடுக்கும்போது ஃபேன் காத்து படற மாதிரி வச்சா போதும், மே மாசம்னா ராத்திரியில ஓட்டுங்க.